குரோஷே கேள்வி பதில்: தீபாவளிக்குக் கையால் செய்து கொடுக்க நினைப்பவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது பற்றி மட்டும்தான் சொல்வேன். இரண்டு ஊசிப் பின்னல், தையல் மிஷின் கேள்விகளுக்கு வேறு ஆள் பாருங்கள்.

கேள்வி (லயத்து வீட்டு அக்கா): பள்ளியில் கற்றது. ரொம்ப வருஷமாகத் தொடவில்லை. மறுபடி தொடங்க என்ன நூல், என்ன ஊசி?

பதில்: 5 பிளை (நூலின் தடிமன்) மில்க் காட்டன் (மெத்தென்ற காட்டன் நூல்), 50 கிராம் பந்து, 3 மி.மீ. ஊசி. கை இறுக்கமாக வருகிறவர்கள் 3.5 எடுங்கள். வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்பில் கண்ணி (பின்னல் வளையம்) கண்ணுக்குத் தெரியாது, வெல்வெட் நூலில் விரலால் தடவித்தான் தேட வேண்டும். பழைய இரும்பு ஊசி துருப்பிடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். வெள்ளை நூலில் அந்தக் கறை ஏறினால் போகாது.

எடுத்தவுடன் அன்பளிப்புக்குப் போகாதீர்கள், அக்கா. 21 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 20 சிங்கிள் (குட்டையான அடிப்படைக் கண்ணி) போடுங்கள். திரும்பித் திரும்பிப் பத்து வரிசை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். 20 என்பது 18, 17 என்று இறங்கி, துண்டு முக்கோணமாகிக்கொண்டு போனால் ஓரத்தில்தான் தவறு. சிங்கிளில், திரும்பும்போது போடும் 1 செயின் கணக்கில் சேராது. முதல் கண்ணியிலேயே குத்த வேண்டும். டபுளில் (சிங்கிளைவிட உயரமான கண்ணி), 3 செயினே ஒரு கண்ணி. அதனால் முதல் கண்ணியை விட்டு அடுத்ததில் குத்தி, வரிசை முடிவில் முந்தைய வரிசையின் 3 செயின் தலையில் கடைசி டபுளைப் போட வேண்டும். அந்தத் தலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறைப் பெயர்கள். பிரிட்டிஷ் பேட்டர்னில் (பின்னும் செய்முறைக் குறிப்பில்) இதே சிங்கிளுக்கு டபுள் என்றும், டபுளுக்கு டிரெபிள் என்றும் போட்டிருக்கும். பேட்டர்னில் எங்காவது சிங்கிள் என்று வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

இன்னொன்று: ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் டை லாட் எண் (எந்தத் தடவை சாயம் ஏற்றியது என்ற எண்) இருக்கும். அது மாறினால் ஒரே சிவப்பும் இரண்டு சிவப்பாகத் தெரியும். நம் டவுன் கடையில் அடுத்த மாதம் அதே லாட் இருக்காது.

கேள்வி (கிராணி வீட்டு மருமகள்): கிளாஸ் வைக்க வட்டமாகக் கோஸ்டர் போடுகிறேன். ஒன்று கிண்ணமாகக் குவிகிறது, இன்னொன்று பாவாடை மாதிரி அலை அலையாக வருகிறது.

பதில்: குவிந்தால் கண்ணி போதவில்லை, அலை அடித்தால் கண்ணி அதிகம். சிங்கிளில் மேஜிக் ரிங்குக்குள் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) 6 போட்டுத் தொடங்குங்கள். பிறகு சுற்றுக்கு 6 கூடும்: 12, 18, 24, 30, 36. டபுளில் 12-இல் தொடங்கி 24, 36, 48. ஹாஃப் டபுளுக்கு (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரம்) 8-இல் தொடங்கிச் சுற்றுக்கு 8.

கணக்கு சரியாக இருந்தும் வட்டம் அறுகோணமாக நின்றால், கூட்டுகிற கண்ணிகள் (ஒரே கண்ணியில் இரண்டு போடும் இடங்கள்) எல்லாச் சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒரு சுற்றில் '2 சிங்கிள், ஒரு கூட்டல்' என்றால் அடுத்த சுற்றை '1 சிங்கிள், ஒரு கூட்டல், 2 சிங்கிள்' என்று தள்ளித் தொடங்குங்கள். மூலை மறைந்துவிடும். கணக்கு சரி, வட்டமும் சரி, ஆனாலும் லேசாகக் குவிகிறது என்றால் கை இறுக்கம். ஊசியை அரை மி.மீ. ஏற்றுங்கள். 10 செ.மீ. கோஸ்டர் 50 கிராம் பந்தில் சுமார் 4 வரும்.

சிவப்பும் வெள்ளையும் சேர்க்கிறவர்கள், சிவப்பு நூலில் ஒரு முழத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் வேறு நூல் வாங்குங்கள். வினிகரில் ஊறவைத்தாலெல்லாம் காட்டன் சாயம் நிற்காது.

கேள்வி (ஒரு மாணவி): அம்மாவுக்குச் சூடான சட்டி பிடிக்கும் துணி போடலாமா? வீட்டில் அக்ரிலிக் நூல் நிறைய இருக்கிறது.

பதில்: வேண்டாம். அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். மில்க் காட்டனிலும் பெரும்பாலும் அக்ரிலிக் கலந்திருக்கும், அதுவும் வேண்டாம். லேபிளில் 100 சதவீதம் காட்டன் என்று இருக்க வேண்டும். இரண்டு துண்டு போட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரம் சேர்த்துப் பின்னுங்கள். ஓட்டை டிசைன் கூடாது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): புதிதாகத் தொடங்குகிறேன், என்ன நூல் வாங்கலாம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி (ஆயாக்கொட்டகையில் வேலை செய்பவர்): அக்கா மகளுக்கு ஒரு வயது. முயல் பொம்மை செய்து கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். பின்னால் பூட்டு இருந்தாலும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கண், மூக்கு எல்லாம் நூலால் எம்பிராய்டரி செய்யுங்கள். பட்டன், மணி, நீள ரிப்பன் கூடாது. ஊசி 2.5-க்கு இறங்க வேண்டும். 3.5-இல் போட்டால் கண்ணி இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும், குழந்தை பிய்த்து வாயில் போடும். பஞ்சுக்குப் பாலியெஸ்டர் ஃபைபர் வாங்குங்கள். இலவம்பஞ்சு நனைந்தால் கட்டிபிடிக்கும், நம்ம ஊர் மழையில் உள்ளே பூசணம் பூக்கும். காதைத் தைக்கும்போது 20 செ.மீ. வால் (மிச்ச நூல் நுனி) விட்டு, அந்த வாலாலேயே சுற்றித் தையுங்கள். முடிச்சை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி (செம்பனைத் தோட்டத்துத் தம்பி): அம்மாவுக்குப் பை போடுகிறேன். பாதியில் பந்து தீர்ந்துவிட்டது. புது நூலை முடிச்சுப் போட்டுச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. சிங்கிளில் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும்போது பழைய நூலை விட்டுப் புது நூலை இழுத்து அந்தக் கண்ணியை முடியுங்கள். இரண்டு பக்கமும் 15 செ.மீ. வால் வேண்டும். பிறகு முனை மழுங்கிய தையல் ஊசியில் கோத்து ஒரு பக்கம் 5 செ.மீ. ஓட்டி, ஒரு இழையைத் தாண்டித் திரும்பி 4 செ.மீ., மறுபடி குறுக்கே 3 செ.மீ. ஓட்டுங்கள். துண்டை இழுத்துவிட்டுக் கையால் விரித்துப் பாருங்கள், அப்புறம் வெட்டுங்கள்.

இதற்கு ஒரு பாட்டி உடனே எழுதினார்: "நாங்க காலமெல்லாம் முடிச்சுப் போட்டுத்தான் டிவி மேல போடுற விரிப்பு பின்னினோம். ஒண்ணும் அவுரலயே, கண்ணு."

அவிழாதுதான், பாட்டி. டிவி மேல் கிடக்கும் விரிப்பை யார் இழுக்கிறார்கள்? அந்த விரிப்புக்குப் போடும் 20 நம்பர் நூல் மெலிசு, முறுக்கு அதிகம், முடிச்சு இறுகி நிற்கும். தம்பி போடுவது பை. தேங்காயும் வெங்காயமும் தொங்கும்போது பாரமெல்லாம் முடிச்சு என்ற ஒரே புள்ளியில் ஏறும். ஓட்டிய வாலில் அந்தப் பாரம் 12 செ.மீ. நீளத்துக்கும் பரவும்.

நூல் கடைக்காரர்: "பந்துக்குள்ளேயே மில்லுல முடிச்சுப் போட்டுத்தானே வருது?"

வருகிறது. அது வரும் இடத்தில் நூலை வெட்டி, இரண்டு வால் விட்டு, மேலே சொன்னபடி சேருங்கள். முடிச்சு இருக்கிறது என்பதற்காகப் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. போதுமா, அண்ணே?

மாணவி: "வீடியோவில் மேஜிக் முடிச்சு போட்டு ஒட்டக் கத்தரிக்கிறார்களே?"

மேஜிக் முடிச்சு என்பது இரண்டு நூலையும் ஒன்றன்மேல் ஒன்று முடிந்து இழுத்து இறுக்குவது. வழுக்கும் காட்டனில் ஒட்டக் கத்தரித்த முடிச்சு துவைக்கத் துவைக்க நழுவும். பொம்மைக்குள் மறையும் இடத்தில், வாலையும் உள்ளே விட்டால், போட்டுக்கொள்ளுங்கள். நம்பாதவர்கள் இரண்டு சின்னத் துண்டு போடுங்கள். ஒன்றில் மேஜிக் முடிச்சு, ஒன்றில் ஓட்டிய வால். இரண்டையும் தலையணை உறைக்குள் கட்டி ஐந்து தடவை மிஷினில் போட்டு, நனைந்தபடியே சேர்த்த இடத்தைப் பிடித்து இழுங்கள். பாட்டியும் போடலாம்.

இதற்குப் பிறகும் முடிச்சு பற்றிப் பதினோரு செய்தி வந்தது. பதில் மேலேதான் இருக்கிறது.

கேள்வி (ஒரு அம்மா): பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) குரோஷே பை 25 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கிறது. நான் 90 கேட்டால் யார் வாங்குவார்கள்?

பதில்: நூல் விலையோடு உங்கள் மணிக்கூலியைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். தொழிற்சாலையில் குரோஷே மிஷின் என்று சொல்லப்படுவது உண்மையில் வேறு வகைப் பின்னல். அசல் குரோஷே கையால்தான் வரும். அந்த 25 வெள்ளிப் பையும் குரோஷே என்றால் யாரோ ஒருவர் கையால் போட்டதுதான். அவருக்கு எவ்வளவு கூலி போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கேள்வி (இன்னொருவர்): என்ன நூல் நல்லது? எத்தனை மி.மீ. ஊசி?

பதில்: முதல் பதில். மேலே போய்ப் படியுங்கள்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியை): விரிப்புக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்தேன். எடுத்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

பதில்: ராமபாணப் பூச்சி, டீச்சர். கஞ்சி என்றால் அதற்கு விருந்து, கூடவே காட்டனையும் அரிக்கும். கஞ்சியைத் துவைத்து எடுத்துவிட்டு, வெயிலில் முழுக்கக் காயவைத்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம். கொடுக்கப் போகும் வாரத்தில் கஞ்சி போட்டு, வட்டமாகக் குண்டூசி குத்தி இழுத்துக் காயவையுங்கள். அக்ரிலிக் துண்டை மட்டும் அயர்ன் பண்ணாதீர்கள், பப்படமாகிவிடும்.

கேள்வி (இடதுகைப் பழக்கம் உள்ள தங்கச்சி): வீடியோ பார்த்தால் எல்லாமே தலைகீழாக வருகிறது.

பதில்: போனில் வீடியோவை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். எண்ணிக்கை மாறாது, போகும் திசை மட்டும் மாறும். வட்டம் உங்களுக்குக் கடிகார முள் திசையில் சுற்றும். எழுத்துப் பேட்டர்ன் அப்படியே பொருந்தும். பொம்மையின் இடது கை, வலது கை என்று போட்டிருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.