வியர்வையில் வீணாகும் இயர்போன்

கேள்வி: ஜிம்முக்குப் போட்டுப் போகும் புளூடூத் இயர்போனில் ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தது. அடுத்து வாங்கும்போது எதைப் பார்ப்பது?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் பழையதைப் பாருங்கள். இயர்போனின் அடியில் இருக்கும் சின்ன உலோகப் புள்ளிகளில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால், காரணம் வியர்வைதான். ஈரத்தோடு கேஸில் வைத்து மூடும்போது, வியர்வையின் உப்பும் சார்ஜ் மின்சாரமும் சேர்ந்து அந்த இடத்தை அரித்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால், கேஸின் உள்ளே இருக்கும் முனைகளையும் சேர்த்துத் துடையுங்கள். பல நேரம் அதுவே போதும்.

ஐபிஎக்ஸ் என்பது நீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் குறியீடு. அதில் எண் 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் பீய்ச்சும் நீர். 7 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். சோதிப்பது நல்ல தண்ணீரில், உப்பு வியர்வையில் அல்ல. அதனால் முகத்தில் வழிகிற அளவுக்கு வியர்ப்பவர்கள் 5-க்குக் கீழே வாங்காதீர்கள். 7 மட்டும் இருந்தால் குழாயடியில் காட்டக் கூடாது. ஏனென்றால் பீய்ச்சும் நீருக்கான சோதனை தனி, 7-இல் அது சேராது. இந்த எண் பெரும்பாலும் கேஸுக்குப் பொருந்தாது. வாரண்டி அட்டையில் வியர்வைச் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் படியுங்கள்.

வியர்த்த காதில் ரப்பர் முனை வழுக்கும். காதைச் சுற்றும் கொக்கி வைத்தது நல்லது. மாட்டிக்கொண்டு குனிந்து, வாயை அகலத் திறந்து மூடிப் பாருங்கள். நழுவினால் முனையின் அளவை மாற்றுங்கள்.

பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, 15 நிமிடம் காற்றாட வைத்த பிறகே கேஸில் போடுங்கள்.