நாட்டை விட்டுப் போனால் பதவியும் போகுமா?

கேள்வி: 2022இல் கோட்டாபய ராஜபக்ச மாலைதீவுக்குப் போன பிறகும் அவர்தான் ஜனாதிபதி என்றார்கள். வெளியே போனவரிடம் அதிகாரம் எப்படி இருக்கும்? நாடுகடந்த அரசாங்கம் என்பதும் இதுதானா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: அந்த நாட்களில் ஹட்டனில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவர்களும் என்னிடம் இதையேதான் கேட்டார்கள், தங்கச்சி. எல்லையைத் தாண்டினால் பதவி போய்விடும் என்று நமது அரசியலமைப்பில் இல்லை. ஜனாதிபதி வெளிநாட்டில் இருந்தால், தன் கடமைகளைப் பார்க்கும்படி பிரதமரை நியமிக்கலாம் என்கிறது 37ஆம் உறுப்புரை. ஜூலை 13ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க பதில் ஜனாதிபதியானது அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த இராஜினாமாக் கடிதத்தை ஏற்றதாகச் சபாநாயகர் 15ஆம் திகதி அறிவித்தார். 20ஆம் திகதி பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலைத் தெரிவு செய்தது. 1993 மே முதலாம் திகதி பிரேமதாச கொல்லப்பட்டபோதும், பிரதமராக இருந்த டி. பி. விஜேதுங்க முதலில் பதில் கடமையாற்றி, பிறகு பாராளுமன்றத்தாலேயே தெரிவானார்.

நாடுகடந்த அரசாங்கம் வேறு சங்கதி. சொந்த மண்ணை இழந்த பிறகும் வெளிநாட்டிலிருந்து தாங்களே சட்டப்படியான அரசு என்று இயங்குவது அது. அதற்குப் போலந்தின் கதையைத்தான் சொல்ல வேண்டும். 1939 செப்டெம்பரில் மேற்கிலிருந்து ஜேர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத்தும் புகுந்தன. ருமேனியாவுக்குள் போன ஜனாதிபதி மொஷ்சிட்ஸ்கியை அங்கேயே தடுத்து வைத்துவிட்டார்கள். ஆனால் போர்க்காலத்தில் ஜனாதிபதியே தனக்குப் பின் வருபவரைப் பெயர் குறிக்கலாம் என்று அவர்களது 1935 அரசியலமைப்பு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. அதன்படி ராச்கியேவிச் செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸில் பதவியேற்றார். பிரான்ஸ் வீழ்ந்ததும் அரசாங்கம் லண்டனுக்குப் போனது.

அந்த அரசாங்கத்தின் விமானிகள் 1940இல் பிரித்தானிய வானத்தைக் காத்து உயிர் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 1945 ஜூலையில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதற்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டன. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான தோட்டத்து மக்களின் பிள்ளை நான். இந்த இடத்தை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. உங்களை ஏற்கவில்லை என்று வல்லவர்கள் சொன்ன பிறகும் லண்டனில் அவர்கள் கலைந்து போகவில்லை. 1954இல் அங்கு ஜனாதிபதியாக இருந்த ஸலெஸ்கி பதவிக்காலம் முடிந்தும் விலக மறுத்ததால் 1972 வரை இரண்டுபட்டுக் கிடந்தார்கள், அதையும் தாங்கினார்கள். 1989இல் லண்டன் ஜனாதிபதி ஸப்பாத் இறந்ததும் அந்தப் பதவியைக் கச்சரோவ்ஸ்கி ஏற்றார். மறு ஆண்டு போலந்தில் மக்கள் வாக்கில் லேக் வலேசா ஜனாதிபதியாகத் தெரிவானார். 1990 டிசெம்பர் 22ஆம் திகதி வார்சோ அரச மாளிகையில் ஜனாதிபதிக் கொடி, முத்திரைகள், 1935 அரசியலமைப்பின் மூலப் பிரதி எல்லாவற்றையும் கச்சரோவ்ஸ்கி அவர் கையில் ஒப்படைத்தார். அரை நூற்றாண்டு அந்நிய மண்ணில் காத்த பொருள்கள் உரிய கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கேள்வி: கண்டியின் கடைசி மன்னர் வேலூரில் இருந்தாரே, அதுவும் அப்படித்தானா?
– மாணவர், பேராதனை

பதில்: இல்லை, தம்பி. ஆங்கிலேயரோடு செய்த 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தில் அவருடைய பிரதானிகளே ஒப்பமிட்டு அவரை நீக்கினார்கள். அவர் உறவினருக்கும் அரியணை இல்லை என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோடு வேலூருக்குப் போனது குடும்பமும் பரிவாரமும்தான், அரசாங்கம் அல்ல. 1832இல் அங்கேயே இறந்தார். 1817இல் ஊவாவில் கிளர்ந்தவர்கள்கூட அவரைத் தேடவில்லை. அரச குடும்பத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவரை முன்னிறுத்தினார்கள். ஆட்சியுரிமைக்கு அடையாளமான புத்தரின் புனித தந்தத்தையும் கண்டியிலிருந்து எடுத்துப் போனார்கள். 1818இல் அதை ஆங்கிலேயர் மீட்டுக்கொண்டார்கள்.