சைட்டேஷன் எண்ணைப் பார்த்து கைடைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: "தொற்றுநோய்த் துறையில் பிஎச்.டி. செய்ய கைடு தேடுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒருவருக்கு 9,000 சைட்டேஷன் (பிறர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இன்டெக்ஸ் 38. இன்னொருவருக்கு 1,100, எச்-இன்டெக்ஸ் 17. முதலாமவரிடமே போய்விடலாமா?"

கொஞ்சம் பொறுங்கள். ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வுக்கு ஃபைல் தயாரிக்கும் டாக்டர்களுக்கு இந்த எண்களை எடுத்துக் கொடுப்பதிலேயே என் பாதி நாள் போகிறது.

முதலில் அந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் அவருடைய பேப்பர்தானா என்று பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஒரே ஆள் ஒரு பேப்பரில் எஸ். ரமேஷ், அடுத்ததில் ரமேஷ் எஸ்., வெளிநாட்டு இதழில் அப்பா பெயர் முன்னால் வந்து சுப்பிரமணியன் ஆர். ஆகிவிடுவார். ஸ்காலரோ பெயர் ஒத்துப்போனால் யாருடைய பேப்பரையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். காசநோய் பார்க்கும் டாக்டர் ஒருவரின் பக்கத்தில், கான்கிரீட்டில் சாம்பல் கலப்பது பற்றிய கட்டுரை உட்கார்ந்திருந்தது. அவர் பட்டியலில் அதிக சைட்டேஷன் அதற்குத்தான்! "எடுத்துவிடவா சார்?" என்றேன். "இன்டர்வியூ முடியட்டுமே" என்றார்.

அப்புறம் எச்-இன்டெக்ஸ். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொண்டுவந்த கணக்கு இது. 38 என்றால், தலா 38 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 38 கட்டுரைகள் அவருக்கு இருக்கின்றன என்று பொருள். அவற்றில் அவர் என்ன வேலை செய்தார் என்பது இந்த எண்ணுக்குத் தெரியாது. மருத்துவத் துறையில் பொதுவாக முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது. தொற்றுநோய்த் துறையில் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். நடுவில் எங்கோ 140-ஆவது ஆளாக இருந்தாலும் சைட்டேஷன் முழுசாக அவர் கணக்கில் ஏறும்.

ஸ்காலர் பக்கத்தில் ஆண்டுவாரியாக ஒரு பார் கிராஃப் இருக்கும், அதையும் பாருங்கள். 2020, 2021-இல் மட்டும் கோபுரம் மாதிரி நின்றால் அது கோவிட். அதில் தப்பில்லை, நல்ல வேலையும் நிறைய நடந்தது. ஆனால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கோவிடுக்குக் கேட்கிறது என்று 36 பேரை வைத்து மார்ச் 2020-இல் வந்த பிரெஞ்சுக் கட்டுரையும் அந்தக் காலத்துச் சரக்குதான். 2024 டிசம்பரில் அதை இதழே திரும்பப் பெற்றது. அதற்குள் ஆயிரக்கணக்கான சைட்டேஷன், அதில் அந்த ஆய்வைக் கிழித்துத் தொங்கவிட்டவர்களுடையதும் சேர்த்தி. திட்டினாலும் ஒன்று, பாராட்டினாலும் ஒன்று.

இதற்கு நேர் எதிராக ஒருவரைச் சொல்கிறேன். கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற நோய்க்கூறு மருத்துவர். காலரா கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த வடிநீரை முயலின் குடலுக்குள் செலுத்தினார். இரண்டு முனையிலும் கட்டி வைத்த குடல் துண்டு, நீர் கோத்துப் புடைத்தது. அதாவது, ஆளை வற்ற வைப்பது கிருமி வெளியே விடும் நஞ்சு. 1959-இல் நேச்சர் இதழில் இரண்டே பக்கத்தில் இதை எழுதினார். பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்திய அறிவியல் அகாதமி ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. சைட்டேஷன் எண்ணும் வழக்கத்தைப் பெரிய அளவில் பரவச் செய்த யூஜீன் கார்ஃபீல்ட், காலரா ஆராய்ச்சியில் டேயின் தாக்கம் பற்றி 1986-இல் தனிக் கட்டுரையே எழுதினார். டே இறந்தது 1985-இல்.

அதே 1959-இல் நம் சென்னையிலிருந்தும் ஒரு கட்டுரை போனது. காசநோயாளி வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துக் கிடப்பவருக்கு இணையாகக் குணமாகிறார் என்று காட்டிய ஆய்வு அது. வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று அதன் தொடர் ஆய்வு பின்னர் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. உலக சுகாதார நிறுவன இதழில் வந்த அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் ஆள் பெயரே இல்லை. சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்றுதான் இருக்கிறது. அதற்காக உழைத்த யாருக்கும் இன்று அதை வைத்து எச்-இன்டெக்ஸ் ஏறாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பேரின் பட்டியலையும் ஆண்டு வரிசைக்கு மாற்றி, கடைசி ஐந்து வருடத்தை மட்டும் எடுங்கள். கைடின் பெயர் கடைசியில் இருக்கும் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது? அவருடைய மாணவர்கள் என்றால் நல்லது. அப்படி இல்லாமல், பட்டியலில் பெரும்பாலான கட்டுரைகளில் முதல் பெயரே கைடு என்றால் நான் யோசிப்பேன். பிறகு அவரிடம் முடித்துவிட்டு வெளியே போன மாணவர் ஒருவரைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, தீசிஸ் முடிக்க எத்தனை வருடம் ஆனது என்று கேளுங்கள்.