காய்கறிக் கூடைக்கு 13,000 ரூபாய் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் உச்சிப்புளி பக்கம் குடியிருக்கிறோம். கணவருக்கு மண்டபத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை. சம்பளம் 19,000 ரூபாய். மீன்பிடித் தடைக்கால இரண்டு மாதங்களில் 11,000தான் வரும். மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர். பக்கத்துத் தோட்டங்களில் பறித்த காயை வாரம் 300 ரூபாய்க்குக் கூடையாகத் தருகிறார்கள். ஆண்டுக்கு மொத்தமாக 13,000 கட்டினால் 2,600 ரூபாய் மிச்சம் என்கிறார்கள். மகளிர் உரிமைத்தொகையில் எடுக்காமல் சேர்த்த 13,000 என் கணக்கில் இருக்கிறது. கடந்த பங்குனியில் வளையலை அடகு வைத்து 9,000 ரூபாய்க்கு வற்றல், மல்லி, புளி, பருப்பு வாங்கினேன். சில்லறையாக வாங்கியிருந்தால் 11,000 ஆகியிருக்கும். இரண்டு ரூபாய் வட்டி. வளையலை இன்னும் மீட்கவில்லை. கூடைக்குக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் அடகுக் கடை.

இரண்டு ரூபாய் வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். 9,000க்கு மாதம் 180. பங்குனியில் நீங்கள் மிச்சப்படுத்தியது 2,000. அடுத்த பங்குனி வரை வளையல் அங்கேயே கிடந்தால் வட்டி 2,160 ஆகும். சாமர்த்தியமாக வாங்கிய லாபம் முழுவதும் போய், கையை விட்டும் 160 போகும். இந்த ஆடியில் மீட்டால் நான்கு மாத வட்டியோடு 9,720. உங்களிடம் 3,280 மிஞ்சும்.

கூடைக் கணக்கையும் பார்ப்போம். காகிதத்தில் அது நல்ல கணக்குதான். 13,000 கட்டி 15,600 ரூபாய்க்குக் காய் என்றால் எந்த வங்கியும் அவ்வளவு தராது. ஆனால் கூடையில் எது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. பிள்ளைகள் தொடாத பாகற்காயும் மூன்றாம் நாள் வாடிய கீரையுமாக, வாரம் 75 ரூபாய்க் காய் குப்பைக்குப் போனால் ஆண்டுக்கு 3,900. தள்ளுபடியே 2,600தானே! ஊருக்குப் போகும் வாரங்கள் தனி. தவிர, வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கூடைக்காரர் பாதியில் கடையை மூடினால் உங்கள் பணத்துக்கு அவர் வாய்வார்த்தைதான்.

இன்னொன்றும் யோசியுங்கள். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். கத்தரி, வெண்டை, சீனியவரை, சுரை, பூசணி எல்லாம் மழைக்குப் பிறகு தை, மாசியில் மலிவாகக் கிடைக்கும். வெயில் ஏறினால் கிணற்றுப் பாசனம் உள்ள சில தோட்டங்கள்தான் மிஞ்சும். ஆனி, ஆடியில் ஐம்பத்திரண்டு வாரக் கணக்கை நிரப்ப வேண்டுமானால் கூடைக்காரர் ஒட்டன்சத்திரத்து லாரியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அந்தக் காயை உழவர் சந்தையிலோ மார்க்கெட்டிலோ நீங்களே பார்த்துப் பொறுக்கி வாங்கலாமே. ராமநாதபுரம் உழவர் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்: கொண்டுவந்ததைத் திரும்பச் சுமக்க மனமில்லாமல் கடைசி நேரத்தில் விலையைக் குறைப்பார்கள்.

உங்கள் வீட்டில் உண்மையான மிச்சம் பங்குனிக் கொள்முதலில்தான் இருக்கிறது. கடன் இல்லாமல் செய்ய வேண்டும், அவ்வளவே. முண்டு மிளகாய் வற்றல், புதுப்புளி இரண்டும் அந்தச் சமயத்தில்தான் வரத்து. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய் நம் வாசலிலேயே காய்கிறது. வாங்கும்போது ஒரு கை அள்ளிக் காதருகே உலுக்குங்கள். உள்ளே விதை கலகலக்க வேண்டும். அமுக்கினால் தோல் தோல்பைபோல் மடங்குகிறது என்றால் சரியாகக் காயவில்லை. நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பத்து கிலோவில் ஒரு கிலோ ஈரமாகப் போனால் பேரம் பேசிக் குறைத்த விலை எங்கே நிற்கும்? வீட்டுக்கு வந்ததும் இன்னும் இரண்டு வெயில் காட்டி, இறுக்கமான மூடி உள்ள டின்னில் வையுங்கள். கடல் காற்றில் சாக்கோடு வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும்.

துவரம்பருப்பை மட்டும் மூட்டையாக வாங்க வேண்டாம். ரேஷனில் மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும்போது எதற்காக வண்டுக்குத் தீனி போட வேண்டும்?

இனி நேரத்தைக் கவனியுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதாவது புதுச்சரக்கு வரத்து முடிவதற்குள் உங்கள் வீட்டு வருமானம் சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் கொள்முதல் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். ஆகஸ்ட் முதல் மார்ச் வரை வரும் எட்டு உரிமைத்தொகையைத் தொடாமல் விட்டால் 8,000. மிச்ச 3,280இல் ஆயிரம் சேர்த்தால் 9,000 கையில். அடகுக் கடை வாசலை மிதிக்க வேண்டாம். தபால் நிலைய ஆர்.டி. இதற்குப் பொருந்தாது, அது ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டுக்கு முன்பு முடித்து எடுக்க முடியாது. எட்டு மாதத்துக்கு வட்டியில் பெரிய வித்தியாசம் வராது, சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். ஆனால் ஏ.டி.எம். கார்டு உங்கள் பெட்டியில் இருக்கட்டும், கணவரின் சட்டைப்பையில் வேண்டாம்.

தடைக்காலச் சமையலுக்கும் மாசியிலேயே ஏற்பாடு செய்யலாம். விசைப்படகு நின்றதும் மீன் விலை ஏறும். நாட்டுப்படகு மீனுக்கு அடிதடி. அப்போது மாசியில் வாங்கி வைத்த நெத்திலிக் கருவாடு, கொல்லை முருங்கைக்காய், நாலு கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தால் மீன் செலவு அன்றைக்கு இல்லை. முருங்கை காய்த்துத் தள்ளுவதும் அந்த வெயில் மாதங்களில்தான். மாமியாருக்கு இது நான் சொல்லியா தெரிய வேண்டும்? மீதமுள்ள 2,280ஐ அந்த இரண்டு மாதச் செலவுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கூடைக்காரரிடம் பகை வேண்டாம். தை முதல் பங்குனி வரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், பணம் வாராவாரம் தருகிறேன், வேண்டாத வாரத்தை முதல் நாளே சொல்லிவிடுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் தள்ளுபடி இல்லாமலேயே வாங்கலாம்.