ராஜபாளையம் குட்டிக்குத் திமிரா, காது மந்தமா?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும் வேலைக்கு வரும் பெண்ணும் மட்டும். காவலுக்கு இருக்கட்டும் என்று மகன் ஒரு தரகர் மூலமாக வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அதற்கு 8 மாதம். "கூப்பிட்டால் வருவதில்லை, சில நேரம் நான் நிற்கிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்து ஓடுகிறது, வளவில் (நடு முற்றத்தில்) காயும் துணியை இழுத்துப் போடுகிறது, பின்வாசல் திறந்திருந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது, சரியான திமிர். குட்டி வாங்கிக் கொடுத்தவரே ஓர் இடம் சொல்கிறார், 45 நாள் அங்கேயே தங்கவைத்துப் பழக்குவார்களாம், 28,000 ரூபாய். அனுப்பலாமா?" இதுதான் கேள்வி.

அனுப்ப வேண்டாம் ஆச்சி. முதலில் அந்தக் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

துணி இழுப்பது, ஓடுவது எல்லாம் 8 மாதத்து நாய் செய்கிற வேலைதான், அதற்கு வருகிறேன். ஆனால் 'நான் நிற்கிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னை உட்கார வைத்தது அதுதான். திமிர் பிடித்த நாய் உங்களைப் பார்த்துவிட்டு வராமல் நிற்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நாய்தான் தப்பான பக்கம் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்கும் நாய்க்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. அதுவும் நாலு பக்கமும் தூணும் சுவருமாக எதிரொலிக்கிற வளவுக்குள் நின்று கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம்.

ராஜபாளையம் நாய்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது புதிதில்லை. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு வேண்டும் என்று நாம்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தோம். தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே வகை அணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே உள்காது கெட்டுப்போகும். கண்ணும் நீலமாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 நாய்களுக்கு இரண்டு காதும், 22 நாய்களுக்கு ஒரு காதும் கேட்கவில்லை. உங்கள் குட்டி செவிடு என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள் என்கிறேன், ஏனென்றால் கேட்காத நாயைச் 'சொன்னால் கேட்கவில்லை' என்று அடிப்பார்கள்.

எப்படிப் பார்ப்பது? குட்டி அசந்து தூங்கும்போது அதன் முதுகுப் பக்கம், நாலைந்து அடி தள்ளி நின்று சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். இன்னொரு நாள் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுங்கள், மறுநாள் விசில். காது அசைகிறதா, தலை தூக்குகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது, காற்று படக்கூடாது. கதவை அறைந்து பார்க்காதீர்கள், உங்கள் வீட்டுத் தேக்குக் கதவை அறைந்தால் அந்த அதிர்வுக்கே செவிட்டு நாயும் எழுந்துவிடும். சோற்றுத் தட்டையும் தட்ட வேண்டாம், அது வாசனைக்கு வருகிறதா சத்தத்துக்கு வருகிறதா என்று நமக்குத் தெரியாது. வேலைக்கு வரும் பெண்ணை எதிரே உட்காரவைத்து அவளையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆசையில் நாமே 'திரும்பியது' என்று சொல்லிக்கொள்வோம். ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் நாலு நாள் பாருங்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் காட்டி, காதுக்குள் சீழோ அழுக்கோ அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அது மருந்தில் தீருகிற விஷயம்.

கேட்கவில்லை என்றே ஆனாலும் பயப்படாதீர்கள். கைச்சைகைக்கு நாய் அருமையாகப் பழகும், சொல்லப்போனால் காது கேட்கிற நாயே வாய்ச்சொல்லைவிடக் கையைத்தான் முதலில் கவனிக்கும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்கார், கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா. இருட்டில் டார்ச்சை இரண்டு முறை அணைத்து அணைத்துக் காட்டலாம். தூங்கும்போது திடீரென்று தொட்டு எழுப்பக் கூடாது, பதறிக் கடித்துவிடும். தெருவில் கயிறில்லாமல் விடவே கூடாது. அதைக் குட்டி போட விடவும் கூடாது. 'செவிட்டு நாய்க்கு அதிர்வுக் கழுத்துப்பட்டை' என்று ஒன்றைக் காட்டி விற்க வருவார்கள். செல்போன் மாதிரி உறுமுவது மட்டும் என்றால் பரவாயில்லை, ஆனால் அதே பட்டையில் ஷாக் பொத்தானும் இருக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் கையில் வைத்து எல்லாப் பொத்தானையும் அமுக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த 45 நாள் விஷயம்.

நாயை விற்றவரே பள்ளிக்கூடமும் சொல்கிறார் என்றால் அதில் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குட்டிக்குக் கமிஷன், தீனிக்குக் கமிஷன், இப்போது படிப்புக்கும். நம் நாட்டில் நாய்ப் பயிற்சியாளர் என்று போர்டு மாட்ட ஒரு படிப்பும் கட்டாயமில்லை, யாரும் வந்து பார்க்கப்போவதும் இல்லை. நாய் வளர்த்து விற்பவர்களுக்காவது 2017ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. நடப்பது என்ன? கண் திறந்து நாலு நாள் ஆன குட்டியை அட்டைப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புகிறார்கள். மாட்டுக்கு சினை ஊசி போட்டால் பதிவேடு உண்டு, நாய்க்குக் காது பார்க்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் நான் பேசியபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். சரி, அதை விடுங்கள்.

தங்கவைத்துப் பழக்குகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, வீடியோ மட்டும் வரும். அதில் நாய் அடங்கி உட்கார்ந்திருக்கும். காது பின்னால் படிந்து, வால் கால் நடுவில் ஒடுங்கி இருந்தால் அது படித்த நாய் இல்லை, பயந்த நாய். முள் பட்டையில் இழுத்து, தரையில் குப்புறத் தள்ளி அமுக்கி, 'நீங்கதான் கூட்டத்துக்குத் தலைவர்னு காட்டணும்' என்பார்கள். கூண்டில் அடைபட்ட ஓநாய்களை 1940களில் பார்த்துச் சொன்ன கதை அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் (David Mech) தாமே பிற்பாடு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999ல் எழுதிவிட்டார். நம் ஊர் ஆட்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. போதாததற்கு, இப்படிப் போய் வந்த நாய்கள் உண்ணிக் காய்ச்சலோடு என்னிடம் வந்து சேருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்று. 2020ல் இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் நாய்களின் விடலைப் பருவத்தைச் சோதித்தார்கள். 'உட்கார்' என்றால் 5 மாதத்தில் கேட்ட நாய், 8 மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்க மறுத்தது, அறிமுகமில்லாதவர் சொன்னால் கேட்டது. புரிகிறதா? 45ஆம் நாள் பயிற்சியாளர் உங்கள் வாசலில் நின்று 'உட்கார்' என்றால் உட்காரும். அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் நீங்கள் சொல்லிப் பாருங்கள். பழக வேண்டியது நாயும் நீங்களும் சேர்ந்து, அந்த வீட்டுக்குள்ளேயே.

ஆகவே ஆள் தேடினால், வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சொல்லிக் கொடுக்கிறவராகத் தேடுங்கள். 'நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?' என்று ஒரே கேள்வி கேளுங்கள். 'அதைத் தப்பு செய்ய விடாமல் கயிற்றில் வைத்திருப்பேன், சரியாகச் செய்யும்போது தீனி கொடுப்பேன்' என்கிற மாதிரி பதில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் எங்களுக்கு ஒரு டெக்னிக் இருக்கு' என்றால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்படி ஆள் கிடைப்பது கஷ்டம்தான், கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

நீங்களே செய்யலாம். வேகவைத்த கோழியை வேர்க்கடலை அளவுக்குக் கிள்ளி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் கிடந்த துண்டு வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. முன்னால் நின்று, அது பார்க்கும்போது கையை நெஞ்சுக்கு இழுத்து 'வா' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வந்தால் தீனி. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு மூன்று வேளை, அதற்கு மேல் அதற்கும் பொறுக்காது உங்களுக்கும் முடியாது. திட்டுவதற்காக ஒருநாளும் கூப்பிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லில் வழுக்குகிறதே என்று அது தயங்கினால் ஒரு சாக்கைப் போட்டுப் பழக்குங்கள்.

அப்புறம், அது வேட்டை நாய். பகல் முழுக்க முகப்புத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு சாயங்காலம் அவிழ்த்தால் துணியை இழுக்காமல் என்ன செய்யும்? வெயில் ஏறுமுன் ஊருணிக் கரைக்கு நீளக் கயிற்றில் அரை மணி நேரம் யாராவது கூட்டிப்போகட்டும். ஆடு, கோழி குறுக்கே வந்தால் கயிற்றை விட்டுவிடாத கையாக இருக்க வேண்டும், உங்களால் முடியாது ஆச்சி, கூலி கொடுத்தாவது ஒரு பையனைப் போடுங்கள். 28,000 ரூபாயில் அதற்குப் பல மாதம் தாங்கும்.

ஆளைக் கடித்துவிட்ட நாய் என்றால் பேச்சே வேறு, உங்களுடையது அப்படி இல்லை. வெறிநாய்த் தடுப்பூசி மட்டும் வருஷா வருஷம் தவறக்கூடாது.

காது பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை பின்வாசல் கதவுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள், இப்போது இருப்பதை மூக்கால் தள்ளித் திறக்கப் பழகியிருக்கும்.