வாரச் செய்தி மடலில் மாணவர் பெயர் வரலாமா?

கேள்வி: உயர்நிலைப் பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியராக இருக்கிறேன். அறுபது ஆசிரியர்கள். வெள்ளிதோறும் மாலையில் அவர்களுக்கு வாரச் செய்தி மடல் அனுப்புவது என் பொறுப்பு. ஆறேழு பக்கம் வரும். பாதிப் பேர் திறப்பதே இல்லை. இந்த ஆண்டு அதில் 'கவனிக்க வேண்டிய மாணவர்கள்' என்று ஒரு பகுதி சேர்த்தேன். ஒரு மாணவியின் குடும்பப் பிரச்சினையைப் பெயர் போடாமல் இரண்டே வரியில் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை அது அவள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டால், உதவி தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு எப்படித் தெரியும்? என்ன வழி?

பதில்: முதலில் அந்த மாணவியைக் கவனியுங்கள். அவள் நம்பும் ஆசிரியரோ பள்ளி ஆலோசகரோ தனியாகச் சந்தித்து, என்ன எழுதப்பட்டது, யாருக்கெல்லாம் போனது என்பதை மறைக்காமல் சொல்லி, பள்ளியின் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீட்டாரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை ஆலோசகர் முடிவு செய்யட்டும். பிரச்சினையே வீட்டில்தான் என்றால் அவசரப்பட்டு ஃபோன் செய்வது அவளை இன்னும் சிக்கலில் தள்ளும். மின்னஞ்சலைத் திரும்பப் பெறும் வசதியை நம்பியிருக்காதீர்கள். பகிர்வு டிரைவில் கிடக்கும் பிரதி, ஸ்டாஃப் ரூம் கோப்பில் செருகிய பிரிண்ட்அவுட், நகல் இயந்திரத்தின் தட்டில் மறந்துவிட்ட தாள் என்று ஒவ்வொன்றாகத் தேடி அப்புறப்படுத்துங்கள். தகவல் கசிவுக்கென்று உங்கள் பள்ளியில் விதிமுறை இருந்தால் அதன்படி எழுத்தில் பதிவு செய்யுங்கள். "வதந்தி பரப்பாதீர்கள்" என்று காலைக் கூட்டத்தில் மட்டும் பேசிவிடாதீர்கள். அதுவரை தெரியாதவர்களுக்கும் அன்று தெரிந்துவிடும்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் ஒரே தாளில் இரண்டு வேலை வாங்கப் பார்த்தீர்கள். அறுபது பேருக்கும் பொதுவான செய்தி ஒன்று. ஐந்தாறு பேருக்கு மட்டும் தெரிய வேண்டியது இன்னொன்று. இரண்டையும் பிரித்து, இரண்டும் ஒரே வார ஓட்டத்தில் நடக்கும்படி கோத்துவிட்டால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும்.

பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாக ஆகாது. வகுப்பு, பிரிவு, ஆணா பெண்ணா, சமீபத்தில் என்ன நடந்தது என்ற நான்கில் மூன்று தெரிந்தாலே போதும், வகுப்புத் தோழர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். முதலெழுத்துப் போடுவதும் அப்படித்தான். அதோடு, செய்தி வெளியே போக யாரும் வம்பளக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் லேப்டாப் புரொஜெக்டரில் இணைந்திருக்கும்போது மின்னஞ்சல் அறிவிப்பு திரையில் எட்டிப் பார்க்கும். மேசைமேல் வைத்த ஃபோனின் பூட்டிய திரையில் முதல் இரண்டு வரி தெரியும். அதனால் மடலுக்கு ஒரே சோதனை: இதை அப்படியே பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் எந்த மாணவருக்காவது, குடும்பத்துக்காவது சங்கடம் வருமா? வரும் என்றால் அந்த வரி மடலில் இருக்கக்கூடாது. போட்டியில் வென்றவர்களைப் பாராட்டும் செய்தியில் பெயர் வரலாம். அது எப்படியும் ஊரறிந்தது.

மடலை எப்படிச் சுருக்குவது

ஒரு பக்கம், ஏறக்குறைய 400 சொற்கள். ஆறு பக்க மடலை யாரும் படிக்காததற்குச் சோம்பல் மட்டும் காரணம் ஆகாது. அதில் தனக்கு உள்ளது இரண்டு வரிதான் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும், அந்த இரண்டு வரி எங்கே என்பது தெரியாது. ஒரு செய்தி ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக்கூடப் பொருந்தாது என்றால் மடலில் சேர்க்காமல் அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். பதிலி ஆசிரியர் பட்டியலையும் சேர்க்காதீர்கள். அது தினமும் மாறும். தினப் பலகைக்கு உரியது.

மேலே முதலில் வர வேண்டியது, இந்த வாரம் செய்து முடிக்க வேண்டிய வேலைகள். ஒவ்வொரு வரியும் யாருக்கு என்பதில் தொடங்கட்டும், அடுத்து நாள், பிறகு வேலை: "9-ஆம் வகுப்பு வகுப்பாசிரியர்கள்: செவ்வாய் மாலை 4 மணிக்குள் வருகைத் திருத்தங்களை அலுவலகத்தில் கொடுக்கவும்." "சம்பந்தப்பட்டவர்கள் விரைவில் கவனிக்கவும்" என்று எழுதினால் யாரும் தன்னைச் சம்பந்தப்பட்டவராக நினைக்க மாட்டார். அடுத்து, வரும் வாரத்தின் கால அட்டவணை மாற்றங்கள், நாள்வாரியாக. அதன்பின் மாணவர் நலன் சார்ந்து எல்லா ஆசிரியரும் செய்யக்கூடிய ஒரே ஒரு செயல். தேர்வுக்கு முந்தைய வாரம் என்றால், "ஒரே நாளில் மூன்று ஒப்படைப்புகள் விழுகின்றனவா என்று உங்கள் வகுப்பின் பொது நாள்காட்டியைப் பாருங்கள்" என்பது போல. பாராட்டு மூன்று வரி போதும். யார் என்ன செய்தார் என்று குறிப்பாக இருக்கட்டும். இருபது பெயரை அடுக்கி "அனைவருக்கும் நன்றி" என்று முடித்தால் அந்த இருபது பேர்கூடப் படிப்பதில்லை.

அடியில் ஒவ்வொரு வாரமும் மாறாத ஒரு கட்டம் இருக்க வேண்டும். மாணவர் ஒருவர் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ, தன்மீது நடக்கும் வன்முறையைப் பற்றியோ பேசினால் உடனே யாரிடம் போவது, எந்த அறை, அவர் இல்லாத நாளில் யார் என்பது அதில் இருக்கும். அந்த வாரம் ஆலோசகர் இரண்டு நாள் விடுப்பு என்றால் மாற்று நபரின் பெயர் அங்கே வந்தாக வேண்டும். மடலில் நீங்கள் வெட்டவே கூடாத பகுதி இதுதான்.

வெள்ளி மாலையில் அனுப்பாதீர்கள். சந்தேகம் கேட்க ஒரு வேலை நாள் மிச்சம் இருக்கும்படி வியாழன் பிற்பகல் அனுப்புங்கள். பிறர் தரும் செய்திகளுக்குப் புதன் நண்பகல் கெடு. தாமதமாக வந்தது அடுத்த வாரத்துக்குப் போகும். இதில் முதல் இரண்டு வாரம் மனஸ்தாபம் வரும். விட்டுக்கொடுத்தால் ஒரு மடல் மூன்றாகும்: மடல், விடுபட்டவை, திருத்தம்.

பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டிய இடம்

மாணவர் உதவிக்கென்று சிறு குழு வேண்டும். நீங்கள், ஆலோசகர், அந்த வகுப்பு நிலையின் ஒருங்கிணைப்பாளர், வருகைப் பதிவைக் கையாளும் அலுவலர், சிறப்புக் கல்வி ஆசிரியர் என ஐந்து பேர் போதும். புதன் மாலை வரையிலான தகவலை எடுத்துக்கொண்டு வியாழன் காலை 40 நிமிடம் கூடுங்கள்.

யாரைப் பற்றிப் பேசுவது என்பதை ஞாபகத்துக்கு விடாமல் மூன்று பதிவுகளிலிருந்து எடுங்கள்: வருகை, பாடத் தேர்ச்சி, நடத்தை. வருகையில் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை, வேலை நாட்களில் 10 சதவீதம் வராமல் இருப்பது. 180 நாள் பள்ளி ஆண்டில் அது 18 நாள். ஆனால் பதினெட்டு ஆகும்வரை காத்திருந்தால் ஆண்டே முடிந்துவிடும். முதல் 20 வேலை நாளில் இரண்டு நாள் வராதவரே அந்த வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார். விடுப்புக் கடிதம் கொடுத்த நாட்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்; கடிதம் இருந்தாலும் போன பாடம் போனதுதான். காலை வருகைப் பதிவு மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். காலையில் 'ஆஜர்' சொல்லிவிட்டு ஆறாம் பாடவேளையில் காணாமல் போகிறவர் அதில் சிக்க மாட்டார். பாடவேளை வாரியான பதிவில் ஒரே ஆசிரியரின் வகுப்பு மட்டும் திரும்பத் திரும்ப விடுபட்டால், அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

நேரம் குறைவு என்றால் 9-ஆம் வகுப்பை முதலில் எடுங்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நகரப் பொதுப் பள்ளிகளில் 9-ஆம் வகுப்பைப் பெரிதாகச் சறுக்காமல் முடித்தவர்கள், சறுக்கியவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக நான்கு ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்தார்கள் என்று காட்டியது. 2007-இல் அவர்களே செய்த அடுத்த ஆய்வில், 9-ஆம் வகுப்பில் யார் தோற்பார் என்பதை முந்தைய ஆண்டின் தேர்வு மதிப்பெண்ணைவிட அந்த ஆண்டின் வருகையே நன்றாக முன்னறிவித்தது. பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, "இவர் நன்றாகப் படிப்பவர், சமாளித்துக்கொள்வார்" என்று விடுவது ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

இந்த மூன்று பதிவுகளும் தவறவிடும் ஒரு வகை மாணவர் உண்டு. எப்போதும் 88 வாங்கியவர் 61-க்கு வந்திருப்பார். 'நாற்பதுக்குக் கீழே' என்று வடிகட்டினால் அவர் வரமாட்டார். சத்தம் போடாதவர் என்பதால் நடத்தைப் பதிவிலும் இருக்க மாட்டார். அதனால் 'திடீர் மாற்றம்' என்று நான்காவது பத்தி ஒன்று வைத்து, முந்தைய பருவத்தைவிட 15 மதிப்பெண்ணுக்கு மேல் இறங்கியவர்களைத் தனியாக எடுங்கள்.

கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் போன வாரத்து வேலைகள் முடிந்தனவா என்பதற்கு. பிறகு அதிகபட்சம் எட்டுப் பெயர்கள், ஆளுக்கு நான்கு நிமிடம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு வேலை, ஒரு தேதி எழுதாமல் அடுத்த பெயருக்குப் போகக்கூடாது. "தொடர்ந்து கண்காணிப்போம்" என்பதை வேலையாக எழுத விடாதீர்கள். இத்தகைய கூட்டங்கள் பெரும்பாலும் கெடுவது கதை பேசுவதில்தான்: அண்ணன் எப்படி இருந்தான், அப்பா என்ன வேலை என்று பேச்சு நீளும், நேரம் முடியும், யாரும் எதையும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்னொன்று, பட்டியலில் பெயர் ஏறும், இறங்காது. வருகைக்காகச் சேர்த்தவர் தொடர்ந்து மூன்று வாரம் ஒழுங்காக வந்தால் மாதம் ஒருமுறை பார்க்கும் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.

இந்தக் கூட்டத்திலிருந்து ஆசிரியர்களுக்குப் போவது என்ன? அந்த மாணவருக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு மட்டும், காரணம் இல்லாமல், செய்ய வேண்டியது மட்டும். இப்படி:

"இந்த மாணவருக்கு 24-ஆம் தேதி வரை ஒப்படைப்புகளுக்கு இரண்டு நாள் கூடுதல் அவகாசம் கொடுங்கள். முன்னறிவிப்பின்றி எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். வெளியே போக அனுமதி கேட்டால் ஆலோசகர் அறைக்கு அனுப்புங்கள். காரணம் விசாரிக்க வேண்டாம். 24 அன்று மறுபடி எழுதுகிறோம்."

ஆசிரியருக்கு உண்மையில் வேண்டியது இவ்வளவுதான். "காரணம் தெரியாமல் எப்படி உதவுவது?" என்று சிலர் கேட்பார்கள். காரணம் தெரிந்தால் பரிதாபப் பார்வை வரும். பதின்ம வயதில் அதைத் தாங்குவது அவகாசம் கிடைக்காததைவிடக் கடினம். வலிப்பு, கடும் ஒவ்வாமை போன்ற உடல்நலச் சிக்கல்கள் விதிவிலக்கு. அங்கே காரணமும் முதலுதவியும் உடற்கல்வி ஆசிரியர், பதிலி ஆசிரியர் உட்பட எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். பெற்றோரின் ஒப்புதலோடு அந்தக் குறிப்பை அலுவலகத்தில் பூட்டிய கோப்பில் வைத்து, பதிலி ஆசிரியர் வகுப்புக்குப் போகும் முன் காட்டுங்கள். பதிலி வகுப்பில்தான் இந்தச் சங்கிலி வழக்கமாக அறுந்துபோகிறது.

வாட்ஸ்அப் குழுவில் எதையும் போடாதீர்கள். போன ஆண்டு வேறு பள்ளிக்குப் போனவர் இன்னும் அந்தக் குழுவில் இருப்பார்.

ஆசிரியர்களிடமிருந்து தகவல் வரும் பாதை

நான்கே கேள்விகள் கொண்ட படிவம் போதும்: என்ன பார்த்தீர்கள், எப்போது, எத்தனை முறை, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள். "சோம்பேறி", "மனச்சோர்வு" போன்ற தீர்ப்புகள் வேண்டாம். "இந்த வாரம் மூன்று நாள் முதல் பாடவேளையில் தூங்கினார்" என்பது வேண்டும். படிவம் கொடுத்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும், "கிடைத்தது, இன்னார் கவனிக்கிறார்" என்ற ஒரு வரியாவது. இந்தப் பதில் வராத பள்ளிகளில் ஆசிரியர்கள் இரண்டாவது படிவத்தை எழுதுவதே இல்லை.

தற்கொலை எண்ணம், வன்கொடுமை, தாக்கப்போவதாக மிரட்டல் ஆகியவற்றுக்குப் படிவமும் கிடையாது, வியாழனும் கிடையாது. அந்த நிமிடமே நேரில் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவர் வரும்வரை மாணவரைத் தனியாக விடக்கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. துருவிக் கேட்காமல், மாணவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி வைக்க வேண்டும். யாருக்குப் புகார் செய்வது என்பதில் உங்கள் நாட்டுச் சட்டம் ஆசிரியருக்கே கடமை விதித்திருக்கலாம். அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

புதிய முறை வேலை செய்கிறதா என்று பார்க்க மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு உதவாது. திறந்தவர் படித்தாரா என்பதை அது சொல்லாது. மடலில் மட்டும் அறிவித்த ஒரு வேலையைக் கெடுவுக்குள் எத்தனை பேர் முடித்தார்கள் என்று நான்கு வாரம் எண்ணுங்கள். உதவிக் குழுவில் ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை சொன்ன தேதியில் முடிந்தன என்பதையும் எண்ணுங்கள். முதல் எண் குறைந்தால் மடலைச் சுருக்குங்கள். இரண்டாவது எண் குறைந்தால் வாரத்துக்கு எட்டுப் பெயர் என்பதை ஐந்தாக்குங்கள்.