ஃபார்மட் செய்யக் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: அண்ணா, சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஜூன் 12 அன்று டர்பனில் ஒரு கடையில், பழைய லேப்டாப்பைச் சரிசெய்து விற்பார்களே, அப்படி ஒன்றை 4,200 ரேண்டுக்கு வாங்கினேன். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பாடம் டைப் அடிக்கவும் பையனின் பள்ளிக்கூட வேலைக்கும்தான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் வேர்டு, குரோம், ஜூம் என்று எதைத் திறந்தாலும் ஹேங் ஆகி நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு நகரும், எதைக் கிளிக் செய்தாலும் ஒன்றும் நடக்காது, இரண்டு நிமிடம் கழித்து நான் அமுக்கியதெல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். செப்டம்பர் 20 அன்று கடையில் கொடுத்தேன், காசு வாங்காமல் ஃபார்மட் செய்து (எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டு) தந்தார்கள். மூன்று வாரம் பரவாயில்லை, இப்போது பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி கொண்டுபோனால் "சாஃப்ட்வேர் கோளாறுக்கு வாரண்டி கிடையாது, பில்லிலேயே ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிற நிலையிலேயே விற்பனை, என்று போட்டிருக்கிறோம், இன்னொரு தடவை ஃபார்மட் செய்ய 950 ரேண்ட்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அக்கா. 950 ரேண்டும் போகும், கூடவே உங்கள் கையில் இருக்கும் சாட்சியும் போகும்.

ஒரே ஒரு புரோகிராம் நின்றால் அந்தப் புரோகிராமைச் சந்தேகப்படலாம். வேர்டு, குரோம், ஜூம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்றும் நின்றால், மூன்றுக்கும் பொதுவான எதிலோ கோளாறு. ரேம் (ஓடுகிற புரோகிராம்கள் தங்கும் தற்காலிக மெமரி) கெட்டிருந்தால் பெரும்பாலும் நீலத்திரை வரும், இல்லையென்றால் தானாக ரீஸ்டார்ட் ஆகும், இப்படிப் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு மறுபடி ஓடாது. சூடு என்றால் விசிறி கத்தும், எல்லாமே மந்தமாகும். நீங்கள் சொல்கிற மாதிரி, அம்பு நகர்ந்தும் மற்றதெல்லாம் நின்று, பிறகு மொத்தமாகத் திறந்தால் என் சந்தேகம் ஹார்டு டிஸ்க் மேல்தான். புரோகிராம் டிஸ்க்கிடம் எதையோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, டிஸ்க்கோ கெட்டுப்போன ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது.

ஃபார்மட் செய்ததும் மூன்று வாரம் ஏன் நன்றாக இருந்தது என்றால், விண்டோஸை மறுபடி போடும்போது கோப்புகள் டிஸ்க்கில் வேறு இடங்களில் போய் உட்காரும், எழுதும்போது கெட்ட இடம் தட்டுப்பட்டால் டிஸ்க்கே அதை ஒதுக்கிவிட்டு, உபரியாக வைத்திருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் வேறு இடம் கெடும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, சரி, அது போகட்டும்.

முதல் வேலை, பாடங்களையும் பையனின் கோப்புகளையும் இன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சாகிற டிஸ்க் சொல்லிவிட்டுச் சாகாது. அப்புறம் அடுத்த தடவை நிற்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும் (வர நேரமாகும், முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டால் நல்லது). அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைக் கிளிக் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்வதாகக் காட்டுகிறது, ஆனால் வேகமோ நொடிக்குச் சில கேபி மட்டும், ரெஸ்பான்ஸ் டைம் என்று போட்டிருக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மில்லிசெகண்ட் என்றால், அதுதான் கோளாறு. நல்ல டிஸ்க்கில் சாதாரண வேலைக்கு அது சில மில்லிசெகண்டிலிருந்து சில பத்துக்குள் இருக்கும். அந்தத் திரையை ஃபோனில் வீடியோ எடுங்கள். பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், மஞ்சளில் 'காஷன்' என்றோ சிவப்பில் 'பேட்' என்றோ காட்டினால் அதையும் படம் எடுங்கள். இதற்கெல்லாம் முன்னால் ஃபார்மட் செய்தால் டிஸ்க் இன்னும் சில வாரம் நடிக்கும், அதற்குள் சட்டம் உங்களுக்குத் தரும் கெடு தாண்டிவிடும்.

ஒருவேளை டிஸ்க் சும்மா இருந்து மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது என்றால் கதை வேறு. 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் ஜூமும் இருபது குரோம் டேபும் சேர்ந்து ஓடாது, அதைக் கோளாறு என்று சொல்லிக் கடையில் நிற்பது கஷ்டம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் இதே மாதிரி நிற்கும், ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இனி சட்டம். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் அது குறையுள்ளது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்று தீர்மானிப்பது நீங்கள், கடை அல்ல. கடையில் வாங்கிய செகண்ட்ஹேண்ட் பொருளுக்கும் இது செல்லும். உங்களுக்கு அந்த ஆறு மாதம் டிசம்பர் 12-இல் முடிகிறது. இன்னொன்றும் இருக்கிறது: கடை ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால் கடை மாற்றுப் பொருளோ பணமோ கொடுத்தே ஆக வேண்டும், "மறுபடி ரிப்பேர் செய்து பார்க்கிறோம்" என்ற பேச்சே கிடையாது. செப்டம்பர் 20-இலிருந்து எண்ணினால் அது டிசம்பர் 20. அன்றைக்குக் கொடுத்த ஜாப் கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கும், தேடுங்கள்.

ஃபுட்ஸ்டூட்ஸ் என்று பில்லில் முத்திரை குத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் ஊரில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடை நடத்துகிறவருக்கு அது அப்படி உதவாது. "இந்த லேப்டாப்பின் டிஸ்க் பழுதாகி வருகிறது" என்று குறிப்பாகச் சொல்லி, அதை நீங்களும் தெளிவாக ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால்தான் அவர் தப்பிக்கலாம்.

பணமா, டிஸ்க் மாற்றமா என்றால், முதலில் மெஷினில் என்ன விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களுக்கு, ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அப்படிப்பட்ட பழைய மெஷின் என்றால் நான் பணத்தைத்தான் கேட்பேன். கொஞ்சம் புதியது என்றால் கடையின் செலவில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுத் தரச் சொல்லலாம், அதே லேப்டாப் பறக்கும்.

நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். வாங்கிய தேதி, ரிப்பேர் தேதி, வீடியோ, பிரிவு 56 எல்லாம் வைத்து ஒரு மின்னஞ்சல், பதிலுக்கு ஒரு கெடு தேதி. மறுத்தால் கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்புட் என்ற குறைதீர்ப்பு அமைப்புக்கு எழுதுங்கள், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. முதலில் கடையிடம் எழுத்தில் கேட்டீர்களா என்று அவர்கள் பார்ப்பார்கள், அதனால்தான் மின்னஞ்சல் என்கிறேன்.

கேள்வி: டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து. எனக்கும் இதே ஹேங் பிரச்சினைதான், ஆனால் நான் வாங்கியது கடையில் இல்லை, இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒருவர் வீட்டுக்குப் போய் 3,000 ரேண்ட் கொடுத்து வாங்கினேன். சட்டம் எனக்கும் உண்டா?

பதில்: தம்பி, அவர் லேப்டாப் விற்பதையே தொழிலாக வைத்திருக்கவில்லை என்றால் இந்தச் சட்டம் உங்களுக்கு உதவாது. அங்கே ஃபுட்ஸ்டூட்ஸ் உண்மையிலேயே செல்லும். கோளாறு தெரிந்தே மறைத்து விற்றார் என்று நிரூபித்தால் வழி உண்டு, 3,000 ரேண்டுக்காக அதன் பின்னால் அலைய நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பாருங்கள், டிஸ்க்தான் என்றால் சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லெனேசியாவிலிருந்து. அம்மாவின் கம்ப்யூட்டர் திடீரென்று நின்று, திரை முழுவதும் சிவப்பாக "வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று வந்தது. பீப் சத்தம் வேறு. அம்மா கூப்பிட்டுவிட்டார்.

பதில்: கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை, பிரவுசரில் ஒரு பக்கம் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு நாடகம் ஆடியது, அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் போய்விடும். ஆனால் அம்மா பேசியபோது அவர்கள் சொன்ன எதையாவது கம்ப்யூட்டரில் போட்டாரா, கார்டு எண் கொடுத்தாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணில் வங்கியை இப்போதே கூப்பிடுங்கள், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், அடுத்த தடவை உங்களிடம் சொல்லாமல் இருந்துவிடுவார்.